மேசையில் ஓடும், வண்டியில் நிற்கும்

1920, 30களின் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கார்புரேட்டர் எங்கிருந்து வரவழைத்தார்கள், டயருக்கு எத்தனை பேரிடம் அலைந்தார்கள், எல்லாம் கதையாக வரும். டேஷ்போர்டில் இருக்கிற கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்டால் மட்டும் ஒரு சிரிப்பு. "அது சும்மா அழகுக்குங்க." முள் எங்கேயோ நின்றிருக்கும். எப்போது நின்றது என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

எனக்குத் தொழில் வாட்ச் ரிப்பேர். கோயம்புத்தூரில் அப்பா வைத்திருந்த கடை. இன்றைக்குப் பிழைப்பு ஓடுவது கைக்கடிகாரத்துக்கு பேட்டரி போடுவதிலும் ஸ்ட்ராப் மாற்றுவதிலும்தான். பழைய கார்க் கடிகாரம் எப்போதாவது வரும், வந்தால் ஆசையோடு உட்கார்ந்து செய்வேன். அப்படிச் செய்து செய்து எனக்கு உறுதியாகிப்போன ஒரு விஷயம்: இந்தக் கடிகாரங்களில் பெரும்பாலானவை தன் கோளாறால் நிற்பதில்லை, வண்டியால் நிற்கின்றன. அதனால் யாராவது கடிகாரத்தை மட்டும் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தால், "வண்டியை ஒரு தடவை பார்க்கலாமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலருக்கு அது விநோதமாகப் படுகிறது.

கார் வந்த புதிதில் காருக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. கோலியாத் என்று சொல்லும் பெரிய சைஸ் பாக்கெட் வாட்சை ஒரு கூட்டுக்குள் வைத்து டேஷ்போர்டில் திருகிவிடுவார்கள். அப்புறம் ஒருமுறை சாவி கொடுத்தால் 8 நாள் ஓடுகிற கடிகாரங்கள் வந்தன. இங்கிலாந்து வண்டிகளில் ஸ்மித்ஸ், ஜேகர். அமெரிக்க வண்டிகளில் வால்தம். நடுவில் சுவிஸ் ஆக்டோ. இதில் ஸ்மித்ஸ் 1851-இல் லண்டனில் கடையாக ஆரம்பித்து, கடிகாரத்திலிருந்து கார் மீட்டர் பக்கம் வந்த கம்பெனி. ஃபோர்டு மாடல் டி-யில் கம்பெனியிலிருந்து கடிகாரமே வராது; இருந்தால் அது வாங்கியவர் மாட்டியது. எந்தப் பெயர் போட்டிருந்தாலும், திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கொஞ்சம் பருத்த பாக்கெட் வாட்ச்தான். சாவி ஏறுகிற பெரிய மெயின்ஸ்பிரிங் டப்பா, அதன் இழுவையை டிக் டிக்கென்று துளித்துளியாக விடுகிற லீவர் எஸ்கேப்மென்ட், இப்படியும் அப்படியும் சுழன்று நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீல், அதைத் திருப்பி இழுக்கிற மெல்லிய ஹேர்ஸ்பிரிங். பெரும்பாலும் மணிக்கு 18,000 டிக், அதாவது வினாடிக்கு 5. சட்டைப் பையில் இருக்கவேண்டிய ஒரு பொருளைக் கொண்டுபோய் எஞ்சினுக்குப் பின்னால், வெயிலுக்கு முன்னால் நட்டு போட்டு மாட்டியிருக்கிறார்கள். பாவம், அது எப்படி ஓடும்?

முதல் எதிரி ஆட்டம். ஒரு ஆஸ்டின் செவன் வண்டியை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். 747 சிசி எஞ்சின். கிராங்க்ஷாஃப்டுக்கு இரண்டே மெயின் பேரிங். மூன்றாவது பேரிங் 1936-இல்தான் வந்தது. அந்த வண்டியில் இருந்தது ஸ்மித்ஸ் ரிம் வைண்ட். அதாவது தனியாகச் சாவிக் குமிழ் கிடையாது, கண்ணாடியைச் சுற்றியிருக்கிற வளையத்தையே திருகினால் சாவி ஏறும். வண்டிக்காரர் என்னைவிட மூத்தவர், வண்டியைச் சும்மா நிறுத்திவைக்கிற ஆள் இல்லை.

"மேசை மேல வெச்சா எட்டு நாளும் ஜம்முனு ஓடுதுங்க தம்பி. வண்டியில மாட்டுனா ரெண்டாம் நாளே நின்னுக்குது. கடையில குடுத்து சர்வீஸும் பண்ணியாச்சு."

கடிகாரத்தைத் திறந்து பார்த்தேன். சர்வீஸ் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. சரி என்று வண்டியிலேயே மாட்டச் சொல்லி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வளையத்தின் மேல் ஒரு விரலையும் பக்கத்தில் டேஷ்போர்டு தகட்டின் மேல் இன்னொரு விரலையும் வைத்தேன். தகட்டில் தெரிந்த அதிர்வு வேறு, கடிகாரத்தில் தெரிந்தது வேறு. கடிகாரம் தனியாக, ரொம்பச் சின்னதாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி ஆடிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தால் பிடித்து நிறுத்துகிற யூ வடிவ பிராக்கெட்டில் ஒரு நட்டு இல்லவே இல்லை. இன்னொன்று விரலாலேயே கழன்றது. பிராக்கெட் கால்கள் வெறும் இரும்பாக டேஷ்போர்டில் உட்கார்ந்திருந்தன.

இந்தத் திரும்பி ஆடுகிற ஆட்டம்தான் கடிகாரத்துக்கு எமன். காரணம் இதுதான். அந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். அது உதறும்போது கிராங்க்ஷாஃப்டை அச்சாக வைத்து இடமும் வலமுமாகச் சாயும். டேஷ்போர்டில் மாட்டிய கடிகாரம் ஓட்டுநரைப் பார்த்து இருப்பதால் அதன் பேலன்ஸ் வீலின் அச்சும் அதே திசையில்தான் இருக்கிறது. ஆக, எஞ்சின் உதறுகிற திசையும் பேலன்ஸ் வீல் சுழல்கிற திசையும் ஒன்று. மேலும் கீழுமாகக் குதித்தால் பிவட்டுக்கு, அதாவது அச்சின் ஊசி முனைக்குத்தான் அடி. திருகல் ஆட்டமோ ஹேர்ஸ்பிரிங்கின் வெளி முனையைப் பிடித்து நேரடியாக ஆட்டிவிடுகிறது. பேலன்ஸ் சில சுற்று வேகமாகப் போகும், சில சுற்று அடங்கிப்போகும். மெயின்ஸ்பிரிங்கில் பலம் குறைந்திருக்கும் நாளில் அப்படி அடங்கினால் நின்றேவிடும்.

இதில் இன்னொரு சங்கதி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஐடிலில் 600 ஆர்பிஎம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 5 தடவை எரியும். நான்கும் ஒழுங்காக எரிந்தால் 20 சின்னச் சின்ன உதறல், அது பரவாயில்லை. ஒரு பிளக் மட்டும் சரியாக எரியவில்லை என்றால் வினாடிக்கு 5 தடவை ஒரு பெரிய உதறல். கடிகாரமும் வினாடிக்கு 5 டிக்; ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு உதறல் என்று ஒத்துப்போய்விடுகிறது. அதனால் ஐடில் கரடுமுரடாக இருக்கிற வண்டியில் கடிகாரத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால் பிளக்கையும் பாயின்ட்டையும் பார்க்கச் சொல்கிறேன். கடிகாரக்காரன் பிளக்கைப் பற்றிப் பேசுகிறானே என்று மெக்கானிக் முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும்.

எஞ்சினுக்கு ரப்பர் மவுண்டிங் பரவலாக வந்தபிறகு இந்தத் தொல்லை நிறையக் குறைந்தது. 1931-இல் பிளிமத் வண்டியில் ஃப்ளோட்டிங் பவர் என்ற பெயரில் கிறைஸ்லர் கொண்டுவந்தது பிரபலம். அதற்கு முந்தைய வண்டிகளில் எஞ்சினைப் பெரும்பாலும் நேராகச் சேசிஸில் போல்ட் பண்ணியிருப்பார்கள், அந்த உதறல் அப்படியே டேஷ்போர்டுக்கு வந்துசேரும்.

அந்த ஆஸ்டினுக்கு நாங்கள் செய்தது பெரிய வேலை இல்லை. வளையத்துக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் கம்பளி ஃபெல்ட்டில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டோம். பிராக்கெட் கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு. இரண்டு பக்கமும் புது நட்டு, ஸ்பிரிங் வாஷரோடு. ட்யூப் துண்டு ஒரு மடிப்புக்கு மேல் வேண்டாம். மெத்தென்று வைத்தால் நல்லது என்று நினைத்து மூன்று நான்கு மடிப்பு வைத்தால் கடிகாரம் முன்பைவிட அதிகமாக ஆடும். ரிம் வைண்ட் என்றால் சாவி கொடுக்கும்போது முழுக் கடிகாரமும் கூடவே திரும்பும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில கடிகாரங்களில் உள்ளே சின்ன பல்பு இருக்கும், அதற்கு எர்த் கிடைப்பது கடிகாரக் கூடு டேஷ்போர்டைத் தொடுவதால். ஃபெல்ட்டும் ரப்பரும் போட்டதும் பல்பு எரியாது. பிராக்கெட் நட்டிலிருந்து பாடிக்கு ஒரு துண்டு வயர் போட்டால் தீர்ந்தது.

அந்த ஆஸ்டின் கடிகாரம் அதற்கப்புறம் வண்டியிலும் வாரம் முழுக்க ஓடுகிறது. உள்ளே நான் எதையும் மாற்றவில்லை.

ஆட்டத்தில் வருடக்கணக்காக இருந்த கடிகாரத்தைத் திறந்தால் சில இடங்களை மட்டும் முதலில் பார்ப்பேன். மூவ்மென்ட்டை, அதாவது உள் இயந்திரத்தை, கூட்டோடு பிடிக்கிற திருகுகள் தளர்ந்திருக்கும். ஒன்று கழன்று சக்கரங்களுக்கு நடுவில் கிடந்ததும் உண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் முள் இறுக்கமில்லாமல் தானாக நகர்ந்திருக்கும். "போன மாசம் செட் பண்ணினேன், மறுபடி முந்துது" என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான். ரெகுலேட்டரின் இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஹேர்ஸ்பிரிங்குக்கு இருக்கிற இடைவெளி அகன்றிருந்தாலும் வண்டி ஓடும்போது ஒரு வேகம், நிற்கும்போது ஒரு வேகம் என்று காட்டும்.

அடுத்தது சூடு. இரும்பு ஹேர்ஸ்பிரிங்கும் சாதாரண பித்தளை பேலன்ஸும் இருக்கிற கடிகாரம், 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் நாளுக்குச் சுமார் 11 வினாடி பின்தங்கும். சூடேறினால் ஸ்பிரிங் விறைப்பை இழக்கிறது, அதுதான் முக்கியக் காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் 28 டிகிரியில் சரியாக வைத்துக் கொடுத்த கடிகாரம், ஷெட்டில் சராசரி 38 டிகிரியில் நின்றால் நாளுக்குக் கிட்டத்தட்ட 2 நிமிடம் போய்விடும். வாரத்துக்கு 13 நிமிடம். கடிகாரக்காரன் மேல் பழி விழும். உயர்ந்த ரகக் கடிகாரங்களில் பித்தளையும் இரும்பும் ஒட்டிய, ஓரத்தில் வெட்டுப் போட்ட பேலன்ஸ் இருக்கும். சூட்டுக்கு அது உள்பக்கமாக வளைந்து ஈடுகட்டும். பிற்பாடு எலின்வார் என்ற கலவை உலோகத்தில் ஹேர்ஸ்பிரிங் வந்ததும் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. அதைக் கண்டுபிடித்த சுவிஸ்காரர் குய்யோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கடிகார வேலையோடு ஒட்டிய ஒன்றுக்கு நோபல் என்றால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பெருமைதான்.

வெட்டில்லாத சாதாரண பேலன்ஸ் என்றால் அதை மாற்ற முனையாதீர்கள். நான் செய்வது, வண்டி எங்கே நிற்கிறது, எந்த மாதத்தில் அதிகம் ஓடும் என்று கேட்டு, அந்தச் சூட்டுக்கு ஏற்ற மாதிரி கடையில் கொஞ்சம் முந்த வைத்துக் கொடுப்பது. ஊட்டியில் நிற்கிற வண்டிக்கும் சென்னையில் நிற்கிற வண்டிக்கும் ஒரே கணக்கு எடுபடாது. வண்டிக்காரர் தன் பங்குக்கு டேஷ்போர்டை வெயில் படாத பக்கமாகத் திருப்பி நிறுத்தினால் அதுவே பெரிய உதவி.

சூடு இன்னொரு விதத்திலும் கெடுக்கிறது, எண்ணெயை. சூடான எண்ணெய் இளகிப் பிவட்டை விட்டு ஓடித் தகட்டில் பரவும். பிவட் காய்ந்துபோகும், தகட்டில் பரவிய எண்ணெயில் தூசி ஒட்டும். அதிகம் விட்டால் அதிகம் தாங்கும் என்பது தப்புக் கணக்கு. பிவட் உட்காருகிற ஜூவல் கல்லின் குழியில் பாதிக்குச் சற்று மேல் நின்றால் போதும், நிரம்பி வழிந்தால் மொத்தத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு ஓடிவிடும். பேலன்ஸ், எஸ்கேப் வீல் மாதிரி வேகமாக ஓடும் இடங்களுக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லிய செயற்கை எண்ணெய், மெயின்ஸ்பிரிங் பக்கம் மெதுவாகச் சுற்றும் சக்கரங்களுக்கு டி-5 போன்ற கெட்டி எண்ணெய் போடுகிறேன். லீவரின் பிவட்டுக்கு எண்ணெயே கிடையாது.

திறந்தால் தையல் மெஷின் ஆயில் வாசம் அடிக்கிற கடிகாரங்கள் நிறைய வரும். டிரைவர் அண்ணன் யாராவது நல்லெண்ணத்தில் விட்டிருப்பார். இப்போது அந்த இடத்தை துரு நீக்கும் ஸ்பிரே பிடித்துக்கொண்டது. பின்பக்க ஓட்டையில் குழாயைச் செருகி ஒரு அடி அடித்தால் ஓடும், உண்மைதான். சில வாரங்களில் ஹேர்ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்குச் சில நிமிடங்கள் முந்த ஆரம்பிக்கும். அப்போது முழுக்கக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. கழுவுகிற ஆளுக்கு ஒரு வார்த்தை: லீவரில் இருக்கும் சிவப்புக் கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும்.

காந்தத்தைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. டேஷ்போர்டுக்குப் பின்னால் அம்மீட்டர் வயர் கடிகாரத்தை ஒட்டிப் போனால் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிவிடும் என்பார்கள். அந்தப் பழியை நான் ஏற்பதில்லை. 10 ஆம்பியர் ஓடுகிற வயரிலிருந்து 2 சென்டிமீட்டர் தூரத்தில் காந்தப் புலம் 1 காஸ்தான் வரும். கைக்கடிகாரத்துக்கு காந்தம் தாங்கும் என்று சான்று கொடுக்கிற ஐஎஸ்ஓ அளவே சுமார் 60 காஸ். உண்மையான ஆபத்து நிலைக்காந்தங்கள்: சில ஸ்பீடோமீட்டர்களுக்குள் சுற்றும் காந்தம், பக்கத்தில் மாட்டிய ஸ்பீக்கர், காந்த நுனி ஸ்க்ரூடிரைவர். எல்லாவற்றையும்விட இப்போது மோசம், போனை ஒட்டவைக்கிற காந்த ஹோல்டர். இரும்பு டேஷ்போர்டு, சும்மா வைத்தாலே பச்சென்று பிடிக்கும். அதுவும் கண்ணுக்குத் தோதாகக் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள். ராலிக்கு மேப் பார்க்க வேண்டுமாம்.

காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன காம்பஸ் போதும், பத்துப் பைசா செலவில்லை. கழற்றிய கடிகாரத்தை ஓடவிட்டு, பேலன்ஸ் வீலுக்கு நேர் மேலே காம்பஸைப் பிடியுங்கள். ஊசி அசையாமல் நின்றால் சரி. டிக் டிக்குக்குத் தாளம் போடுகிற மாதிரி ஊசி துடித்தால் ஹேர்ஸ்பிரிங்கிலோ பேலன்ஸிலோ காந்தம் இருக்கிறது. அதை இறக்க, டீமேக்னடைசர் காயிலை ஆன் செய்து, கடிகாரத்தை அதற்குள் காட்டி, ஆனிலேயே வைத்து மெல்ல ஒரு கை நீளத்துக்கு விலக்கிய பிறகுதான் ஸ்விட்சை விட வேண்டும். பாதியில் விட்டால் புதிதாகக் காந்தம் ஏற்றிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சாவி விஷயத்தில் என் யோசனை பலருக்குப் பிடிப்பதில்லை. 8 நாள் கடிகாரம் என்றால் 8 நாள் விடலாம் என்று நினைக்கிறார்கள். ஓடும், ஆனால் கடைசி இரண்டு மூன்று நாளில் ஸ்பிரிங்கின் இழுவை குறைந்து பேலன்ஸின் வீச்சு, அதாவது அது ஒரு பக்கம் சுழலும் தூரம், சுருங்கிவிடும். வீச்சு சுருங்கிய கடிகாரத்தைத்தான் எஞ்சின் ஆட்டமும் குளிரில் கெட்டியான எண்ணெயும் வீழ்த்துகின்றன. வாரத்தில் இரண்டு நாள், புதனும் ஞாயிறும் என்று வைத்துக்கொண்டு சாவி கொடுங்கள். நேரமும் சீராக வரும். பழைய நீல இரும்பு ஸ்பிரிங் டப்பாவிலிருந்து வெளியே எடுத்ததும் விரிந்து அகல வேண்டும்; எடுத்த பிறகும் சுருண்டே கிடந்தால் அது செத்துப்போனது, மாற்றிவிடலாம். மாற்றும்போது அகலம், கனம், நீளம் மூன்றையும் அளந்து அதே அளவில் போட வேண்டும். "கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டுருங்க" என்பார்கள். கனமான ஸ்பிரிங் போட்டால் பேலன்ஸ் அளவுக்கு மீறிச் சுற்றி, லீவரின் பின்பக்கம் இடித்து, குதிரைக் குளம்புச் சத்தம் மாதிரி கேட்கும்; கன்னாபின்னாவென்று முந்தும். மாதக்கணக்கில் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் சாவி இறங்கி நிற்கட்டும்.

நேரம் செட் பண்ணுவதில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பலன் நிறைய. மேசையில் டயல் வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்க வைத்து செட் பண்ணிய கடிகாரம், வண்டியில் நிமிர்ந்து நிற்கும்போது வேறு வேகத்தில் ஓடும். மல்லாந்திருக்கும்போது பேலன்ஸ் ஒரு பிவட்டின் நுனியில் நின்று சுழல்கிறது. நிமிர்த்தினால் இரண்டு பிவட்டின் பக்கவாட்டிலும் உரசுகிறது, வீச்சு குறைகிறது. பேலன்ஸில் ஒரு பக்கம் துளி எடை கூடுதலாக இருந்தால் அதுவும் வெளியே வரும். அதனால் டிக் சத்தத்தைக் கேட்டு வேகத்தையும் வீச்சையும் காட்டுகிற டைம்கிராஃபரில் பார்க்கும்போது, 12 மேலே இருக்க, டேஷ்போர்டில் எந்தச் சாய்வில் இருக்குமோ அதே சாய்வில் மரக்கட்டையில் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறேன். கைக்கடிகார ஸ்டாண்டில் இது உட்காராது, கிளிப் மைக் வேண்டும். அந்த நிலையில் 220 டிகிரி வீச்சு கிடைத்தால் எனக்குத் திருப்தி. இந்த ஒரு நிலையைத் தவிர மற்ற நிலைகளில் எப்படி ஓடினாலும் கவலையில்லை, கார் தலைகீழாக நிற்கப்போவதில்லையே. வாரத்துக்கு 3, 4 நிமிடத்துக்குள் வந்தால் நல்ல கடிகாரம். வினாடிக் கணக்குக் கேட்பவர்களுக்கு கையில் ஒரு குவார்ட்ஸ் வாட்ச் இருக்கும்.

தூசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழிருந்து தண்டு வழியாகச் சாவி கொடுக்கிற மாடல்களில் அந்தத் தண்டு போகிற ஓட்டைதான் வாசல். ஒரு ஃபெல்ட் வாஷர் போதும். கடற்கரை ஊர் என்றால் கண்ணாடி வளையத்தின் உட்பக்கம் காய்ந்துபோன பேக்கிங்கையும் மாற்றுங்கள்.

டயலைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முள்ளிலும் பூசிய அந்தக் காலப் பூச்சு பெரும்பாலும் ரேடியம். இப்போது பழுப்பேறிக் கிடக்கும், இருட்டில் ஒளிராது. ஒளிராததால் செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். செத்தது கூடச் சேர்த்த ஒளிரும் பொடிதான். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். கம்பெனியில் பூசிய அன்று இருந்ததில் 95 சதவீதத்துக்கு மேல் இன்னும் அங்கேயே இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இந்தப் பூச்சை டயலில் பூசிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் கூராக்கிக் கூராக்கி, தாடை எலும்பு கெட்டுச் செத்துப்போனார்கள். அவர்களில் ஐந்து பேர் போட்ட வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்வரை ஓட்டுகிறவருக்குப் பெரிய பயமில்லை. சுரண்டுவது, ஊதுவது, பிரஷ்ஷால் துடைப்பது, இவைதான் ஆபத்து. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. டயலைப் புதுசாக்கித் தருகிறேன் என்று பிளேடால் சுரண்டுகிற ஆளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நான் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, ஈரத் தாள் விரித்த தட்டில் வைத்து டயலையும் முள்ளையும் கழற்றி, ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவேன். முள்ளில் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தால் அந்த முள்ளை மறுபடி மாட்டுவதில்லை. வேறு சாதா முள் போட்டுவிடுகிறேன். பார்க்க ஒரிஜினல் மாதிரி இல்லை என்று கோபித்துக்கொண்டு போனவரும் உண்டு. போகட்டும்.

பிறகு வந்த, பேட்டரியில் தானாகச் சாவி ஏற்றிக்கொள்ளும் கடிகாரங்கள் தனிக் கதை. உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங். அது இறங்கியதும் இரண்டு பாயின்ட் தொட்டுக்கொள்ளும், காயில் ஒரு இழு இழுத்து மறுபடி ஏற்றிவிடும். ஒவ்வொரு முறையும் பாயின்ட் பிரியும்போது பொறி தட்டும், நாளடைவில் குழி விழும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு போட்டால் பொறி அடங்கும். டயோடின் பட்டை போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தவை என்பதால் அது பாடி பக்கமாக இருக்கலாம், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இந்த வகையைக் கொல்வது பெரும்பாலும் இறங்கிப்போன பேட்டரி. காயிலுக்கு இழுக்கப் பலம் இருக்காது, பாயின்ட் தொட்டபடியே நிற்கும், காயில் சூடேறிக் கருகும். வண்டியை நிறுத்திவைக்கும்போது கடிகார வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி முழுச் சார்ஜ் ஆனபிறகே மாட்டுங்கள். அந்த வயரில் ஒரு சின்ன ஃபியூஸ் போட்டுவைத்தாலும் காயில் பிழைக்கும்.

உள்ளே குவார்ட்ஸ் மெஷினைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, ஆனால் வேண்டாம் என்று சண்டை போடுவதில்லை. டயலில் புது ஓட்டை போடாமல், கூட்டை வெட்டாமல் செய்ய முடிந்தால் செய்து, பழைய மூவ்மென்ட்டை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். அதைப் பழையபடி மாட்டித் தரச் சொல்லித் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

கடையில் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், கழற்றுவதற்கு முன் டேஷ்போர்டின் சாய்வை மொபைலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், கடிகாரம் எத்தனை மணி நேரம் ஓடி நின்றது, எஞ்சின் ஓடும்போதா நிற்கும்போதா என்பதையும் எழுதிக் கொடுங்கள். அந்தத் துண்டுச் சீட்டு எங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விடுவதற்கு முன் பேட்டரி முனையைக் கழற்றிவிடுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் அம்மீட்டர் முனைகளுக்கு ஃபியூஸே கிடையாது. பிராக்கெட் நட்டைக் கழற்றப்போன ஸ்பேனர் அங்கே ஒரு தட்டுத் தட்டினால் வயர் மொத்தமும் எரிந்துவிடும்.